எதில் போட்டு வைத்தால் பேரன் காலம் வரை இருக்கும்?

டோம்பிவ்லி வாசகர் கேட்டது, 1 ஜூன் 2025

"எங்கள் கல்யாணம் 2006-இல். அந்த டிவிடி இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டில் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 600 ஜிபி இருக்கும். பென் டிரைவே போதும் என்கிறார் மச்சினர். கடைக்காரர் எஸ்எஸ்டி வாங்கச் சொல்கிறார். ஆயிரம் வருஷம் தாங்கும் டிஸ்க் வந்திருக்கிறது என்று யூட்யூபில் ஒருவர் சொல்கிறார். ஒரே தடவை செலவு பண்ணிவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்க எது நல்லது? பேரன் காலம் வரை வந்தால் போதும்."

2 ஜூன் 2025, காலை

மச்சினர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பேச்சைக் கேட்டுப் பென் டிரைவில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

நான் மும்பை மாட்டுங்காவில் 1998 முதல் கல்யாண வீடியோ எடுத்தவன். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தரைத்தளத்தில் சின்ன ஸ்டுடியோ. இப்போது கடையை மூடிவிட்டுச் செம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். பழைய கேசட், சிடி, டிவிடி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நான்கு தகரப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டால் ஒரு மாசப் பால் காசாவது தேறும் என்பது என் மனைவியின் கணக்கு.

பென் டிரைவுக்குள் நடப்பது இதுதான். உள்ளே இருக்கும் சில்லில் செல் என்று நுண்ணிய அறைகள் உண்டு, ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் மின்னூட்டத்தை அடைத்து வைக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு செல்லுக்கு ஒரு பிட். இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும். இன்றைய டிஎல்சி வகைச் சில்லில் மூன்று பிட், அதாவது எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சி வகையில் நான்கு பிட், பதினாறு அளவு. ஒரு உழக்குக்குள் பதினாறு கோடு போட்டு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது மாதிரி. கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு மாறிவிடும்.

கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வரும் எஸ்எஸ்டியும் அதே சரக்குதான். மின்சாரம் கொடுக்காமல் வைத்தால் ஒரு வருஷத்தில் போய்விடும். மெமரிச் சில்லுகளுக்கு விதி வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஸ்டேஷன் வாசலில் 2 டிபி என்று 600 ரூபாய்க்கு ஒரு பென் டிரைவ் வாங்கினேன். விலையைப் பார்த்தே புத்தி வந்திருக்க வேண்டும். உள்ளே இருந்தது 32 ஜிபி. அதற்கு மேல் எழுதியதெல்லாம் பழையதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெயர்ப் பட்டியலில் எல்லாக் கோப்பும் அழகாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எஃப்3 என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. புதிதாக எதை வாங்கினாலும் அதை ஓட்டி முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

2 ஜூன் 2025, இரவு

ஆயிரம் வருஷ டிஸ்க்கை மறந்துவிட்டேன். அதன் பெயர் எம்-டிஸ்க். சாதாரண டிவிடியில் பதிவாவது ஒரு சாயப் படலத்தில், அது கரிமச் சாயம், வெளிச்சமும் வெப்பமும் ஆகாது. எம்-டிஸ்க்கில் சாயம் கிடையாது, கனிமப் படலம். லேசர் அதில் நிஜமாகவே குழி போடுகிறது. சரக்கு நல்ல சரக்குதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு வாக்குக் கொடுத்த மில்லினியாட்டா நிறுவனம் 2016-இல் திவாலாகிவிட்டது. (டிஸ்க் இன்னும் வேறு கைகளிலிருந்து வருகிறது.) ஆயிரம் வருஷம் கழித்து டிஸ்க் இருக்கலாம். அதைப் போட்டுப் பார்க்க டிரைவ் எங்கே இருக்கும்? இன்றைக்கே புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் தட்டு கிடையாது.

5 ஜூன் 2025

திருத்தம். எஸ்எஸ்டி ஒரு வருஷத்தில் போய்விடும் என்று அடித்துச் சொன்னேன். தானே வாசகர் ஒருவர் எழுதிப் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. ஜெடெக் கணக்கு வேறு: வீட்டு உபயோக எஸ்எஸ்டியை அதன் எழுதும் ஆயுள் முழுவதும் தேயும்வரை பயன்படுத்திவிட்டு, அப்புறம் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் வைத்தால் குறைந்தது ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. புது டிரைவ் அதைவிட நிறைய நாள் தாங்கும். கிழவனுக்கு வைத்த பரீட்சையைக் குமரனுக்கு வைத்துவிட்டேன்.

ஆனாலும் பீரோவில் பூட்டி வைக்க நான் எஸ்எஸ்டி வாங்க மாட்டேன். தினசரி வேலைக்கு அது ராஜா. பெட்டிக்குள் தூங்கப் போடும் ஜாதி இல்லை.

9 ஜூன் 2025

உங்கள் கேள்வியால் என் வீட்டில் ஒரு பிரச்சினை. முதல் பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டேன். கூடம் முழுக்க டிஸ்க். மருமகள் கோலத்தைத் தாண்டுவது போல அவற்றைத் தாண்டி நடக்கிறாள்.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2003 முதல் எங்கள் கடையின் பெருமையே டிவிடி மேல் ஒட்டும் ஸ்டிக்கர்தான். மாப்பிள்ளை, பெண் படம், பின்னால் தாமரைப்பூ, தங்க எழுத்தில் தேதி. அதற்கென்று தனிப் பிரின்டர் வாங்கினேன். இன்று பார்த்தால் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்குகள்தான் வரிசையாகச் செத்துக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை இழுத்து உப்பும், கோடையில் சுருங்கும். பசை ஒரு பக்கமாக இழுத்து டிஸ்க் அப்பளம் மாதிரி வளைந்துபோகிறது. வளைந்த தட்டில் லேசர் எதைக் கண்டு படிக்கும்?

ஸ்டிக்கரே ஒட்டாமல் மார்க்கர் பேனாவில் பெயர் மட்டும் எழுதிய டிஸ்க்குகளும் உண்டு. உறவுக்காரர்களுக்குக் கொடுக்கப் பத்து, பதினைந்து என்று மலிவாகப் போடும் விசிடி. அவற்றில் பாதிக்கு மேல் ஓடுகின்றன. காசு வாங்கிக்கொண்டு அழகு பண்ணியதைக் கொன்றிருக்கிறேன், அலட்சியமாகப் போட்டது பிழைத்திருக்கிறது.

10 ஜூன் 2025

பளபளக்கும் பக்கத்தில் கீறல் விழுந்தால்தானே சிடி போகும் என்று ஒருவர் கேட்கிறார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். பதிவு இருப்பது மேல் பக்கம், பெயர் எழுதும் பக்கத்துக்கு ஒரு வார்னிஷ் பூச்சுக்குக் கீழேதான். கீழ்ப் பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிபண்ணலாம். மேல் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அங்கேயே கதை முடிந்தது. டிவிடி அப்படியில்லை. 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டுக்கு நடுவே பதிவு இருக்கும், ஜாமை நடுவில் வைத்த பிரெட் மாதிரி.

சோதனை: சிடியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். குண்டூசியால் குத்திய மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே வெள்ளிப் படலம் உரிந்துவிட்டது என்று அர்த்தம். என் பெட்டியில் ஒரு டிஸ்க் கார்த்திகை ராத்திரி வானம் மாதிரி இருந்தது.

15 ஜூன் 2025

மழை வந்துவிட்டது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003-இல் சிடி, டிவிடி பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம், ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. ஸ்டிக்கர் விஷயத்தை 2003-இலேயே சொல்லியிருக்கிறார்கள், நான் அதே வருஷம் பிரின்டர் வாங்கியிருக்கிறேன். 20 டிகிரி, 50 சதவீதம் என்றால் மும்பையில் ஜூலை மாதம் ஃபிரிட்ஜுக்குள் குடியிருந்தால்தான் உண்டு. இங்கே உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது பெட்டியில் மினி டிவி (Mini DV) கேசட்டுகள், வீடியோ கேமராவுக்குள் போடும் சின்ன நாடாக்கள். சிலவற்றின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடா ஓரத்தில் திருநீறு பூசின மாதிரி வெள்ளை. பூஞ்சை. தயவுசெய்து அப்படிப்பட்ட கேசட்டைப் பிளேயரில் போடாதீர்கள். அது பிளேயரின் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.

அரிசி டிரம்முக்குள் வைத்தால் ஈரம் போகுமா என்று கேட்ட அம்மாவுக்கு: அரிசி வேண்டாம். வண்டுதான் வரும். சிலிக்கா ஜெல் வாங்கி, மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். வாணலியில் லேசாகச் சூடு பண்ணினால் திரும்ப நீலம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள், மணியில் இருக்கும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது.

28 ஜூன் 2025

மூன்றாவது பெட்டி, ஹார்ட் டிஸ்க்குகள். மொத்தம் பதினொன்று. எட்டு ஓடின. ஒன்று சுற்றவே இல்லை. ஒன்றின் கேபிள் வாய் வித்தியாசமானது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று பல்லி சொன்னது. டிக், டிக், டிக், ஒரு சின்ன இடைவெளி, மறுபடி டிக், டிக், டிக். என் மாமியார் பூஜை அறையிலிருந்து, "தெற்குப் பக்கம் சொல்லுது, நல்லதில்லை" என்றார். அவர் சொன்ன பலன் பலித்துவிட்டது. அது படிக்கும் தலை தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் முட்டி முட்டித் திரும்பும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள். இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் என்ற ஆசையில்தான் தட்டு கீறப்படுகிறது.

ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு) பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பார்ப்பது நல்லதுதான். கெட்டுப்போன செக்டார்களை, அதாவது பதிவிடும் துண்டுகளை, மாற்றி வைத்த எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் அந்த டிஸ்க்குக்கு விடை கொடுத்துவிடலாம். ஆனால் 2007-இல் கூகுள் தன்னுடைய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், செத்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட் எந்த அறிகுறியும் காட்டவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகும் ஆட்கள் அதிகம்.

பேக்பிளேஸ் என்ற நிறுவனம் மூன்று லட்சம் டிஸ்க் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் எது எத்தனை போயிற்று என்று பட்டியல் போடுகிறது. 2024-இல் நூற்றுக்கு 1.57. அதைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் புனே நண்பர். ஐயா, அவை குளிர் அறையில் இருபத்துநாலு மணி நேரமும் சுற்றிக்கொண்டிருப்பவை. கட்டிலுக்கு அடியில் எட்டு வருஷம் தூங்கிவிட்டு, திடீரென்று எழுப்பினால் எழுந்திருக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

6 ஜூலை 2025

நேற்று ஒரு போன். 2005-ஆம் வருஷம் தை மாதம் நான் எடுத்த கல்யாணத்தின் பெண். இப்போது முலுண்டில் இருக்கிறாள். "அண்ணா, அப்பா மார்ச்சில் தவறிட்டார். எங்க டிவிடி ஓடலை. மாஸ்டர் கேசட் உங்ககிட்ட இருக்குமா? அப்பா பேசுறது எங்கேயுமே இல்லை, போட்டோதான் இருக்கு" என்றாள்.

2005 ஜூலை 26 வெள்ளத்தில் போய்விட்டதம்மா என்று சொன்னேன். சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மழை. கிங்ஸ் சர்க்கிளில் ஸ்டுடியோவுக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ் இரண்டு ரேக்கும் முழுகிவிட்டன. அந்தப் பெண், "சரிண்ணா, பரவாயில்லை" என்றாள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எந்தப் பொருளில் பதிந்தாலும் தண்ணீருக்கு ஒன்றுதான். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், ஓடுகிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அப்படியே ஒரு பையில் போட்டு மீட்பு வேலை தெரிந்தவரிடம் எடுத்துப்போங்கள்.

7 ஜூலை 2025

எல்டிஓ டேப் பற்றி யாருமே பேசவில்லையே என்று கோபப்பட்டவருக்கு: அது பெரிய அலுவலகங்கள் பிரதி எடுத்து வைக்கும் காந்த நாடா. ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் 18 டிபி போகும், நன்றாக வைத்தால் முப்பது வருஷம் என்கிறார்கள். ஆனால் படிக்கும் டிரைவ் லட்சங்களில். எட்டாம் தலைமுறை டிரைவில் ஆறாம் தலைமுறை டேப் ஓடாது. 600 ஜிபிக்கு அது கொசு அடிக்கப் பீரங்கி.

20 ஜூலை 2025

இரண்டு வாரமாக இங்கே எழுதவில்லை. நாலாவது பெட்டியில் கடைக் கணக்கு நோட்டு கிடைத்தது.

அந்தப் பெண்ணின் கல்யாணம், கேசட் எண் 214 முதல் 218 வரை. அவற்றுக்கு நேரே என் கையெழுத்தில், "மே 2005, சயான் கல்யாணம்". அதற்குக் கீழே இன்னொரு தேதி, இன்னொரு கல்யாணம். வெள்ளம் வந்தது ஜூலையில். அதற்கு இரண்டு மாதம் முன்பே நானே அதன் மேல் வேறொருவர் கல்யாணத்தைப் பதிந்துவிட்டேன்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு மினி டிவி கேசட் அன்று நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து, ஆறு ஆகும். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் 13 ஜிபி. எங்களிடம் இருந்ததோ 80 ஜிபி டிஸ்க், ஒரே ஒரு கல்யாணத்தில் நிரம்பிவிடும். எடிட் பண்ணி டிவிடி கொடுத்து, பாக்கிப் பணம் வந்ததும் கேசட்டைத் திரும்பப் பயன்படுத்துவோம். வாடிக்கையாளரிடம் சொன்னது கிடையாது. அவர்களும் கேட்டது கிடையாது.

வெள்ளத்தில் நாற்பது கேசட் போல நிஜமாகவே போயின. அதற்கப்புறம் யார் வந்து கேட்டாலும் வெள்ளம் என்று சொல்லிப் பழகிவிட்டது. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, 6-ஆம் தேதி இங்கே எழுதும்போதுகூட எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. நோட்டைப் பார்த்த பிறகுதான்.

அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டிவிடி இல்லாம வேற ஏதாவது போட்டுக் கொடுத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள். நோட்டில் இருந்தது: "டிவிடி 2, விசிடி 12". ஊரில் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிப் போட்டது. விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லித் தகராறு பண்ணியதும் நினைவுக்கு வந்தது.

21 ஜூலை 2025

திட்டியவர்கள் எல்லோருக்கும்: சரி.

3 ஆகஸ்ட் 2025

இன்று ஆடிப் பதினெட்டு. இங்கே ஆறு என்று சொல்ல மித்தி நதிதான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையில் ஆடிப் பதினெட்டும் வரும். பழுதான ஏட்டைப் பார்த்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதிவிட்டு, பழையதை ஆடிப் பெருக்கில் விடுவது வழக்கமாக இருந்தது என்பார்கள். பிறகு வந்தவர்கள் பெயர்த்து எழுதுவதை விட்டுவிட்டார்கள், ஆற்றில் விடுவதை மட்டும் விடவில்லை. வசம்பு வைத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் நம்மிடம் இன்று இருப்பதில் பெரும்பாலானவை முதல் ஓலை கிடையாது, பிரதியின் பிரதியின் பிரதி. டோம்பிவ்லி நண்பர் "ஒரே தடவை செலவு" என்று கேட்டது எனக்கு அன்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கிறது.

கிளைக்கதை. மாட்டுங்கா கடையில் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைப்போம். அந்தச் சிடி ஒன்று நூற்றுக்கு நூறு சுத்தமாகப் படித்தது, ஒரு பிழை இல்லை. திறந்தால் "நிகழும் மங்களகரமான" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை. யூனிகோடு வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோமே, அந்த எழுத்துரு இன்று என்னிடம் இல்லை. பாமினி மாதிரி எல்லோரும் வைத்திருந்த எழுத்துருவாக இருந்தால் மாற்றி நிரலில் போட்டு மீட்டிருக்கலாம். இது எவனோ பைகுலாவில் பிளாப்பியில் கொடுத்த எழுத்துரு. பெயரும் மறந்துவிட்டது. சிடி செத்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

ஆகவே பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, கூடவே பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

18 செப்டம்பர் 2025

மினி டிவி கேசட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. இந்தப் பிப்ரவரியோடு சோனி பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க், மினி டிஸ்க், மினி டிவி கேசட் எல்லாவற்றின் உற்பத்தியையும் நிறுத்திவிட்டது. கேசட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கும் ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்புக்கு, ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வாரம் வந்திருக்கும் மேக் ஓஎஸ் டாஹோவில் ஆதரவே இல்லை. நான் 2009 மாடல் கம்ப்யூட்டர் ஒன்றை இதற்காகவே மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். நல்ல நிலையில் கேசட் இருந்து, ஓடும் கேமராவும் இருந்தால் இந்தத் தீபாவளிக்குள் இறக்கிவிடுங்கள். நாடா இன்னும் பத்து வருஷம் தாங்கும், கேமராவின் ரப்பர் சக்கரம் தாங்காது.

27 செப்டம்பர் 2025

முலுண்டுப் பெண்ணின் கல்யாண விசிடி ஒன்று வந்துவிட்டது! பன்னிரண்டு விசிடியில் பதினொன்றை யாரும் வைத்திருக்கவில்லை. ஒருவர் மாடித் தோட்டத்தில் காக்காய் விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அந்தப் பெண்ணின் அத்தை மட்டும் இரும்புப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தார். கூரியரில் வெறும் பிளாஸ்டிக் கவரில் அனுப்பியிருக்கிறார். பிரித்தபோது அந்துருண்டை வாசனை. மார்க்கரில் என் கையெழுத்து. ஸ்டிக்கர் இல்லை.

ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் துடைத்தேன். (வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தோடு சேர்ந்து கீறல் போனால் நீளமாகப் போய்விடும்.) முதல் டிரைவ் டிஸ்க்கே இல்லை என்றது. இரண்டாவது எட்டு நிமிஷம் வரை படித்து மயங்கிவிட்டது. 2008-இல் வாங்கிய பழைய டிரைவில் ஐசோபஸ்டர் என்ற மீட்பு நிரலைப் போட்டு, படிக்க முடியாத செக்டாரைத் தாண்டிப் போகச் சொல்லி விட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், ஆகவே ஒன்றில் தோற்றால் விட்டுவிடாதீர்கள்.

சுவாரஸ்யம் என்னவென்றால், சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட் டேட்டா, மீதியில் பிழை திருத்தத்துக்கான கூடுதல் கணக்கு. விசிடியில் அந்தக் கூடுதல் காவலை எடுத்துவிட்டு 2324 பைட்டை அடைப்பார்கள். அதாவது டேட்டா சிடியைவிடப் பலவீனமான பதிவு. ஆனால் வீடியோவில் நாலு செக்டார் போனால் ஒரு நொடி கட்டம் கட்டமாகத் தெரிந்துவிட்டு மேலே ஓடும். இதையே ஜிப் பண்ணி, அதாவது சுருக்கி ஒரே கோப்பாக, வைத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கலாம். ஆகவே இனி எதையும் ஜிப் பண்ணி மூட்டையாகப் பத்திரப்படுத்த மாட்டேன்.

சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. விளிம்புதான் முதலில் கெடும். அதனால் கடைசி ஒன்பது நிமிஷம், பெண்ணை வழியனுப்பும் பகுதி, சுத்தமாகப் போய்விட்டது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை இருக்கிறது.

5 அக்டோபர் 2025

டோம்பிவ்லி நண்பர், "நாலு மாசமாச்சு, இன்னும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை" என்று நினைவூட்டியிருக்கிறார். நியாயம்தான்.

என் வீட்டுக்கு நான் பண்ணியதைச் சொல்கிறேன். வேறு வேறு கம்பெனியின் 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெட்டியிலிருந்து வாங்கினால் ஒரே நோய் இரண்டுக்கும் வரும். ஒன்று இங்கே, ஒன்று திருநெல்வேலியில் தம்பி வீட்டில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கைமாற்றிக்கொள்வோம், அந்தச் சாக்கில் இரண்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுற்றும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்று ஒரு கைரேகை எடுத்துப் பட்டியலாக வைத்திருக்கிறேன். சுற்றும்போது ஒப்பிட்டால் எது சத்தமில்லாமல் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தாலி கட்டு, பேத்தி பெயர்சூட்டு என்று இழக்கவே முடியாதது மட்டும் 100 ஜிபி எம்-டிஸ்க் ஒன்றில், அதற்கு வெளி டிரைவ் ஒன்றும் கூடவே. இணையத்தில் கூகுளின் மேகக் கணக்கிலும் ஒரு பிரதி. கூகுள் இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை அழிக்கலாம் என்று விதி வைத்திருப்பதால், கடவுச்சொல்லை மகன் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். அந்தப் போட்டோ எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதே கணக்கில்.

மறுபடி காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் 2006 டிவிடியைக் கொண்டு வாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், படலமும் சேர்ந்து வந்துவிடும்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. முலுண்டிலிருந்து அந்தப் பெண் நேற்று வந்தாள், கையில் முறுக்கு டப்பா, கூடவே பத்தாவது படிக்கும் மகன். பெரிய டிவியில் போட வேண்டாம் என்றேன். விசிடி படம் 352-க்கு 288 புள்ளிதான், பெரிதாக்கினால் முகமே தெரியாது. லேப்டாப்பில், சின்னச் சன்னலில் ஓட்டினோம்.

மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரம் ஒரு இடத்தில் விக்கியது. கேமரா கூட்டத்தைச் சுற்றிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் வேட்டியை மடித்துக்கட்டி நிற்பவரிடம் போய் நிற்கிறது. லைட் முகத்தில் அடித்ததும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "என்னை எதுக்குப்பா எடுக்கே? அங்கே பந்தியை எடு" என்கிறார். கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி முகம் சேருகிறது. "போப்பா, எலை போட்டாச்சு."

பதினோரு நொடி. பையன் திரும்பப் போடச் சொன்னான். ஆறு தடவை போட்டோம்.

கோப்பின் அளவு 460 எம்பி. அவள் போனில் ஒன்று, பையன் லேப்டாப்பில் ஒன்று, என் இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொன்று. அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பப் போனாள், இன்னும் நசுங்கிவிடும் என்று தடுத்து, டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். டிஸ்க்கை அத்தைக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாம், அத்தையின் உத்தரவு. இந்தத் தடவை அட்டைப்பெட்டியில் வைத்து.